அண்ணன் பூசிய ரப்பர் பால்

என் அண்ணன் அவசரக்காரன். செத்துப்போனவனைப் பற்றி அப்படிப் பேசாதே என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது தினமும் சொன்னேன். இப்போது மட்டும் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்?

மாசாய் டவுனில் ஒரு கடையைக் காலி செய்தபோது தூக்கிப் போட்ட இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகளை அவன் மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்து வந்தான். எங்கள் இரண்டு பேரைவிடவும் வயதான பெட்டிகள். பாட்டு வந்தது, நெஞ்சில் இடிக்கிற அந்த அடிச்சத்தம் மட்டும் இல்லை. நான் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவள். ஆனாலும் போனில் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். பெரிய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி ஓடுகிறது. கூம்பு அசையும்போது துணி வளைந்து கொடுக்க வேண்டும், ஆனால் காற்றை விடக் கூடாது. அதற்கு எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கிற ஒரு பிசினைத் துணியில் பூசியிருப்பார்கள். எங்கள் பெட்டிகளில் அது காய்ந்து உதிர்ந்து, காற்று ஒழுகிக்கொண்டிருந்தது.

பிசினுக்கு ஆர்டர் கொடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

“அலமாக்! அது வர்றதுக்குள்ள நான் கெழவனாயிடுவேன்” என்றான். மறுநாளே செடெனாக்கில் மாமாவின் ரப்பர் தோட்டத்துக்குப் போய் ஒரு டின்னில் பால் பிடித்து வந்துவிட்டான்.

“டேய் அண்ணா, வேணாண்டா. காஞ்சா மடிப்பெல்லாம் ஒட்டிக்கும்.”

“நம்ம பரம்பரையே பால் வெட்டுனவங்க. எனக்கே ரப்பர் பத்திப் பாடம் எடுக்கிறியா லா? லெஃப்டுக்கு என் பால், ரைட்டுக்கு உன் மருந்து. யாரு ஜெயிக்கிறான்னு பாப்போம்.”

தூரிகையில் ஆரம்பித்தான். அதற்கும் பொறுமையில்லாமல் விரலைத் தோய்த்துத் தேய்த்தான். முதல் நாள் பெட்டி அதிர்ந்தது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஹாலில் ஆடினான். அப்புறம் பால் பழுப்பாகக் காய்ந்து, மடிப்புகள் ஒட்டி, கூம்பு பலகை மாதிரி நின்றுவிட்டது. “மழை சீசன், அதான்” என்றான். தப்பு என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவே இல்லை.

அதே மழையில்தான் செத்தான். பாசிர் கூடாங் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் ஒரு லோரியை இடது பக்கமாக முந்தப் போயிருக்கிறான். வேலை ஷிஃப்டுக்கு நேரம் நிறையவே இருந்தது.

துக்கத்துக்கு வந்த சித்தப்பா, “நல்லவங்கள சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்மா” என்றார்.

“சாமி கூப்பிடல சித்தப்பா. இவன்தான் லோரிக்கும் ரோட்டோரக் கல்லுக்கும் நடுவுல பூந்தான்” என்று கத்தினேன். வந்தவர்கள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். அம்மா மட்டும் என்னைத் திட்டவில்லை. அவர் அப்போது யாரிடமும் பேசுவதே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பிசின் வந்தது. உறையைப் பார்த்ததும் சுவரில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. வலது பெட்டிக்கு மெல்லிசாகப் பூசினேன். சத்தம் திரும்பி வந்தது. இடது பெட்டியைத் தொடப் போனபோது அம்மா என் கையைப் பிடித்தார்.

“அது அவன் பூசுனது.”

“தப்பாப் பூசுனதும்மா.”

“தப்புன்னாலும் அவன் பூசுனது. விடு.”

காய்ந்த பாலில் அவன் விரல் தடம் வட்டமாக ஓடியது. காலையில் விளக்கேற்றிவிட்டு அம்மா அதைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு தேவாரம் போடுவார். ஒரு பெட்டி பாடும், இன்னொன்று முனகும். எனக்கு அந்த முனகலைக் கேட்கக் கேட்க எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது பெட்டியில் கரகரவென்று சத்தம். துணி வளைய மறுத்து இழுத்ததில் காகிதக் கூம்பின் ஓரம் கிழிய ஆரம்பித்திருந்தது. அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன்.

“இப்படியே விட்டா மொத்தமும் கிழிஞ்சிடும். அப்புறம் பெட்டியும் இல்ல, தடமும் இல்ல.”

அம்மா தடத்தை ஒரு தடவை தொட்டார். “எடு. நான் பாக்க மாட்டேன்” என்று சமையலறைக்குப் போனார்.

லைட்டரில் ஊற்றுகிற எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைத்தேன். பால் ஊறி உப்பியது. விரலால் உருட்ட உருட்ட நூல் நூலாக வந்தது. தடம் இருந்த இடத்துக்கு வந்தபோது என் கை நின்றது. அப்போது உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

“சனியன்! காத்திருக்கத் தெரியாத சனியன்!” அம்மாவின் குரல். “சோறு வேகறதுக்குள்ள தட்டத் தூக்கிட்டு வந்து நிப்பான்! எத்தன தடவ சொன்னேன், மெதுவாப் போடான்னு! எத்தன தடவ!”

அவன் போனதிலிருந்து அம்மா அவனைத் திட்டியது அதுதான் முதல் தடவை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உருட்டினேன்.

கிழிசலுக்கு மெல்லிய தாள் ஒட்டிப் பிசின் பூசி, கூம்பை இரண்டு கையாலும் மெல்ல உள்ளே அழுத்திக் கையை எடுத்தேன். அது சோம்பலாக வெளியே வந்தது. அம்மா பின்னால் நின்றிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு அவரும் அழுத்திப் பார்த்தார்.

“ஏன் இவ்ளோ மெதுவா வருது?”

“இப்ப பெட்டியில காத்து ஒழுகலம்மா, அதான். இப்படித்தான் வரணும்.”

இன்னொரு தடவை அழுத்திவிட்டு அது வந்து சேரும் வரை பார்த்தார்.

“அவனா இருந்தா இதுக்குள்ள எட்டி ஒதைச்சிருப்பான்” என்றார்.