என்னிடமும் கேட்டார்கள்

என் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தவர்கள் மூன்று பேர்: டாக்டரம்மா, என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா. நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். வயிறு என்னுடையது என்பதால் என்னைக் கூட்டிப் போகாமல் முடியாதே. "எடுத்துரலாமா?" என்று டாக்டரம்மா கேட்டது அவரிடம். அவர் திரும்பிப் பார்த்தது அக்காவை. "எடுத்துருங்க, இனிமே அது என்னத்துக்கு?" என்றார் மதினி. ஸ்கேன் படங்கள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு நான் அவர்கள் பின்னால் நடந்தேன்.

இதற்காக அப்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. கல்யாணம் இப்படித்தான் முடிவானது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் கம்பெனிக்கு நான் வேலைக்குப் போவதும் இப்படித்தான் முடிவானது. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. உப்பு வாங்குவதென்றாலும் அக்காவுக்கு ஒரு போன் போட்டுவிட்டுத்தான் வாங்குவார், அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "மெதுவா எந்திரிச்சு நடக்கணும், படுத்தே கிடக்காதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். யார் கேட்டார்கள்? மதினி மம்சாபுரத்திலிருந்து துணிமணியோடு வந்து இறங்கிவிட்டார். "அவிய ஆயிரம் சொல்லுவாக. வயித்தக் கிழிச்ச ஒடம்பு. கால கீழ வச்சே, பாத்துக்கோ" என்றார். காலமெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நான். சும்மா சொல்லக்கூடாது, முதல் இரண்டு நாள் சுகமாகத்தான் இருந்தது. பத்தியக் குழம்பு கட்டிலுக்கே வந்தது. அதற்குப் பிறகு கக்கூசுக்குப் போவதற்குக் கூட மதினியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றால், "ஏட்டி!" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வரும். அன்பாகத்தான் பூட்டி வைத்திருந்தார்கள். அன்பான பூட்டுக்குச் சாவி எங்கே தேடுவது?

இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. "வாயு எறங்கிருக்கு" என்று மதினி எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து தேய்த்துவிட்டார். கெண்டைக்காலிலிருந்து தொடை வரைக்கும் ஏற்றி ஏற்றி நீவினார். மதினிக்கு நல்ல கைப்பக்குவம், எனக்குக் கண்ணைச் சொருகியது. மறுநாளும் அப்படி நீவிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சுக்குள் கதவைச் சாத்தியதுபோல மூச்சு நின்றது. வாயைத் திறக்கிறேன், காற்று உள்ளே போகவில்லை. மதினி என் பெயரைச் சொல்லிக் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அசையாமல் கிடந்த காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அந்தக் கட்டி கிளம்பிப் போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்று சொன்னார்களாம். "வீங்குன கால யாராவது தேய்ச்சீங்களா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டபோது மதினி வாயே திறக்கவில்லையாம். இதெல்லாம் பிறகு நர்ஸ் சொல்லித் தெரிந்துகொண்டது.

எனக்கு நினைவு வந்தபோது வாய்க்குள் குழாய் இருந்தது. தொண்டை வரைக்கும் இறங்கியிருந்தது. பேச முடியாது, விழுங்க முடியாது. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். எதைக் கொண்டு கட்டியிருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பேண்டேஜ் துணி. நூல் நெருக்கம் இல்லாத மட்டத் துணி, எங்கள் கம்பெனியில் அதைக் கழித்துப் போடுவோம். அந்த நிலைமையிலும் எனக்கு அதுதான் தோன்றியது. மூக்கு நுனி அரித்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு அரிப்பை நான் கண்டதில்லை. கை இரண்டும் இருந்தும் சொறிய முடியவில்லை. அழுதேன். கண்ணீர் காதுக்குள் போய் நின்றது, அதையும் துடைக்க முடியவில்லை.

மூச்சு என்னுடையது இல்லை. மெஷின் தள்ளும்போது உள்ளே வரும், அது விடும்போது வெளியே போகும். நான் இழுக்க நினைக்கும் நேரத்தில் அது தள்ளாது. திமிறினால் கூவும். "மெஷின்கூடச் சண்ட போடாதீங்கம்மா. அது போற போக்குல போங்க" என்பாள் நர்ஸ். கல்யாணமாகிப் போனபோது எங்கள் வீட்டில் சொல்லி அனுப்பிய புத்திமதியும் இதேதான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். வத்திராயிருப்புப் பக்கம், பிள்ளை பெற்ற உடம்பு. அவளுக்கும் காலில் உறைந்தது நெஞ்சுக்குப் போய்விட்டதாம். தலையைத் திருப்ப முடியாததால் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளுடைய மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் பார்வை நேரத்தில் கண்ணாடி போட்ட இளம் டாக்டர் ஒருவர் என் கால்மாட்டில் வந்து நின்றார். வீட்டுக்காரரும் மதினியும் இருந்தார்கள். ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, அதில் என்னைச் சேர்க்கலாமா என்று கேட்டார். "ரத்தம் ஒறையாம இருக்க மருந்து குடுக்கோம். அத பம்புல வச்சு நாள் பூரா ஏத்தலாம், இல்லாட்டி வயித்துல ஊசியாப் போடலாம். ரெண்டுமே வழக்கமான வைத்தியந்தான். குழாய் போட்டவங்களோட நொரையீரலுக்கு எது நல்லதுன்னு சரியாத் தெரியல. அதத்தான் பாக்கோம். யாருக்கு எதுன்னு நாங்க முடிவு பண்ண மாட்டோம். கம்ப்யூட்டர் குலுக்கல் மாதிரி எடுக்கும்" என்றார். அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள், வீங்கிய காலை ஸ்கேன் பண்ணுவார்கள் என்றும் சொன்னார்.

"பூக்கட்டிப் பாக்குற மாதிரியா சார்?" என்றார் வீட்டுக்காரர்.

"கிட்டத்தட்ட" என்று டாக்டர் சிரித்தார்.

வீட்டுக்காரர் வழக்கப்படி அக்காவைப் பார்த்தார். மதினி சேலைத் தலைப்புக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான் சொன்னதெல்லாம் போதும்" என்றார். அப்படி ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. 'நான் இங்கேதான் கிடக்கிறேன், என்னைக் கேளுங்கள்' என்று கண்ணை உருட்டினேன், காலை உதைத்தேன். மெஷின் கூவியது. டாக்டர் என் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "முழிப்பு இருக்கு. ஆனா மயக்க மருந்து போய்க்கிட்டிருக்கு. இப்ப இவங்க சொல்றத எடுத்துக்க முடியாது" என்றார்.

அக்காவும் கைவிட்ட பிறகு அந்த மனிதர் எங்கே போவார்? மடவார் வளாகத்துக்குப் போனார். வைத்தியநாதர் சந்நிதியில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்துப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லியிருக்கிறார். வெள்ளை வந்ததாம். விபூதியை என் நெற்றியில் பூசி, "சாமி சரின்னு சொல்லிருச்சு" என்றார். கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு ஒரு பூவை எடுத்தது. எனக்கு வயிற்றில் ஊசி என்று வந்தது.

ஆக, சாமி சொல்லிவிட்டது, கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊசி குத்தக் குத்த, ரத்தம் எடுக்க எடுக்க, இந்தக் குழாயை எடுத்ததும் நான் பேசும் முதல் வார்த்தை 'வேண்டாம்' என்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பிழைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். இடையில் ஒரு காலையில் பக்கத்துக் கட்டிலின் மெஷின் சத்தம் கேட்கவில்லை. திரையை இழுத்து மூடினார்கள். கட்டிலைத் துடைக்கும் மருந்து வாடை வந்தது.

ஒருவழியாகக் குழாயை எடுத்தார்கள். முதல் வார்த்தை, 'தண்ணி.' வீறாப்பெல்லாம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் அந்த டாக்டர் வந்தார். வீட்டுக்காரர் எழுந்து நின்றார். டாக்டர் அவரைக் கடந்து வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். "உங்களால சொல்ல முடியாதப்ப உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. இப்ப உங்களால முடியும். இனிமே அவர் சொன்னது செல்லாதும்மா. நீங்க சொன்னாத்தான் தொடருவோம்."

எனக்குக் குரலே எழும்பவில்லை. "வேண்டாம்னா?" என்றேன்.

"வேண்டாம்னா நிறுத்திருவோம். வைத்தியம் எப்பவும்போல நடக்கும்."

"அதான் சாமியே சொல்லிருச்சே" என்று வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"சாமிக்கா காலு வீங்குச்சு?" என்றேன். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. இருமி முடித்துவிட்டு டாக்டரிடம், "யோசிச்சுச் சொல்லுதேன். நாளைக்கு வாங்க" என்றேன்.

வீட்டுக்காரர் பதறிவிட்டார். டாக்டரை நாளைக்கு வா என்று சொல்வதா? "சரிம்மா, நாளைக்கு வாரேன்" என்று அந்தப் பிள்ளை போய்விட்டது. அன்று பூராவும் அந்தப் பதில் என் கையில் இருந்தது. சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பானேன்? ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்தபோதெல்லாம் பக்கத்துக் கட்டில் நினைவுக்கு வந்தது. அவளிடம் இனி யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அவளுக்கு எது நல்லதாக இருந்திருக்கும் என்று தெரியாமலே போயிற்று.

மறுநாள் வீட்டுக்காரரும் மதினியும் இருக்கும்போது டாக்டர் வந்தார். "இவங்க ரெண்டு பேரையும் செத்த நேரம் வெளிய இருக்கச் சொல்லுங்க" என்றேன். போனார்கள். "சேந்துக்கிடுதேன். எம்புட்டு ரத்தம் வேணுமோ எடுத்துக்கோங்க" என்றேன். காலைத் தேய்த்ததையும் நானே சொன்னேன். தேய்த்தவரைக் குற்றம் சொல்ல வேண்டாம், தேய்க்கக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, இனி ஆபரேஷன் பண்ணி அனுப்பும் எல்லோருக்கும் சொல்லி அனுப்புங்கள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

டாக்டர் போனதும் வீட்டுக்காரர் உள்ளே ஓடி வந்தார். அவர் பின்னால் மதினி. "என்ன சொன்னா?" என்று அவர் கேட்டது மதினியைப் பார்த்து.

"ஏலே, என்னைய என்னத்துக்குப் பாக்க? அவகிட்டக் கேளு" என்றார் மதினி.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்ன?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அது. நான் சொல்லவில்லை.