சந்தனப் பொட்டு வைத்த ரூட்டர்

"பொட்டி அவன்து, லைன் என்து. ரெண்டுத்துக்கும் ஆவாது பாப்பா. நீ டிப்ளமா பட்ச்சிகீறேன்னு அது பயந்துகினு தெறந்துக்குமா இன்னா?"

எங்கள் தெருவுக்குக் கேபிள் இழுக்கும் அண்ணன் இதைச் சொன்னபோது ஏணிமேல் நின்று சுவரில் ஒயரை அடித்துக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். ஏணியைப் பிடிக்க என்னை நம்பலாம், ரூட்டரைத் திறக்க நம்ப முடியாது என்பது அவர் எண்ணம். நான் ஏணியை விடவில்லை.

டோல்கேட்டுக்குப் பின்னால், கன்டெய்னர் லாரிகள் திரும்பும் இடத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியபோது எங்களுக்கு இன்டர்நெட் தந்துகொண்டிருந்த கம்பெனியின் கேபிள் அறுந்துபோனது. போன் செய்தால் புகார் எண் தந்தார்கள், ஆள் வரவில்லை. தெருவே அலுத்துப்போய்க் கேபிள் அண்ணனிடம் மாறியது. நாங்களும் மாறினோம். லைன் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதை வைஃபையாக மாற்றித் தர ஒரு ரூட்டர் வேண்டும். எங்களிடம் இருந்தது பழைய கம்பெனியின் வெள்ளைப் பெட்டி. வாடகைக்கு எடுத்ததில்லை, விலை கொடுத்து வாங்கியது. இருந்தும் அந்தக் கம்பெனி அதற்குள் ஒரு பூட்டு போட்டு வைத்திருந்தது. வேறு யாருடைய லைனைச் செருகினாலும் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

"புதுசு அடுத்த வாரம் ஸ்டாக்கு வரும். அத்த வாங்கிக்கோ. இத்தப் பழைய பேப்பர்காரனாண்ட போட்டுரு," என்று சொல்லிவிட்டு அண்ணன் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் எங்களுக்கு உதவாது. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை என் அக்காவுடையது. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சு முழுக்கக் கையில்தான். அவளை எந்தப் பள்ளிக்கூடத்தில், எப்படிச் சேர்ப்பது என்று அப்போது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் எழுத்தும் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனது அவளுக்குப் பின் பிறந்த நான். அவள் கணவர், என் மாமா, முகத்துவாரக்குப்பத்துக்காரர். வளைகுடா நாட்டில் ஒரு முதலாளியின் மீன்பிடிப் படகில் வேலை. அவருக்குக் காது கேட்கும், வாய் பேசும். கல்யாணத்துக்குப் பிறகு அக்காவின் கையைக் கற்றுக்கொண்டவர். இன்றைக்கும் எதையாவது தப்பாகக் காட்டி அவளைச் சிரிக்க வைப்பார்.

படகு கரைக்கு வரும் நாட்களில் வீடியோவில் கூப்பிடுவார். இந்தத் தடவை வெள்ளிக்கிழமை கரை சேர்கிறார், மறுநாளே மறுபடி கடல். அதற்குள் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இன்னும் ஒரு வருஷம் வேலையில் இருப்பதா, ஊர் திரும்புவதா?

வீட்டில் எல்லாரிடமும் இதற்குப் பதில் இருந்தது. "இன்னொரு வருசம் இருக்கட்டுமே, மாடி எடுத்துக்கலாம்," என்றாள் அம்மா. "அவன் ஆம்பள, அவனே பாத்து சொல்லிக்குவான்," என்றார் நைனா. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவள் தன் மார்பில் விரலை வைத்தாள், போனைத் தொட்டாள், பிறகு உள்ளங்கையால் என் கண்களை மூடினாள். நான் அவரிடம் சொல்லிக்கொள்கிறேன், நீ பார்க்காதே என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம் குடோன் சுவர், மறுபக்கம் அடுக்கிய கன்டெய்னர்கள். செல்போனில் குரல் எப்படியோ தட்டுத் தடுமாறி வந்து சேரும், படம் உறைந்துபோகும். மற்றவர்களுக்கு அது போதும். அக்காவுக்குக் கை பாதியில் நின்றால் சொல்லும் பாதியில் நின்றுவிடும்.

"மூணாவது வூட்ல புதுசு வாங்கிட்டாங்கோ. அங்க போய்ப் பேசிக்கட்டும், இன்னா இப்போ?" என்றாள் அம்மா.

அக்கா வேகமாக மறுத்தாள். கைப்பேச்சு என்றால் ரகசியம் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் தெரு தெரியாது. அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தண்ணீர் லாரிக்கு நிற்கும் அத்தனை பெண்களுக்கும் அவள் கை புரியும். வேறொருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து புருஷனிடம் பேசுவதும் தெருவில் மைக் வைத்துப் பேசுவதும் அவளுக்கு ஒன்றுதான்.

நைனா துறைமுகத்தில் கப்பல்மேல் கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலை செய்கிறார். மாதக் கடைசி. புது லைனுக்குக் கட்டியதே பெரிய விஷயம். கையில் இருக்கிற பெட்டியையே திறப்பது என்று முடிவு செய்தேன். காசு மட்டும் காரணம் இல்லை. நாங்கள் வாங்கிய பொருள் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எங்களையே 'நீ யார்' என்று கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் முறையாகக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"பாக்ஸ் உங்களோடதுதான் மேடம்."

"அப்போ அதைத் திறக்கிற பாஸ்வேர்டைக் குடுங்க."

"அது கம்பெனியோடது மேடம்."

"பொருள் என்னோடது, சாவி உங்களோடதா?"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். படித்தது வீணாகவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. பகலில் கன்டெய்னர் யார்டின் கேட் ஆபீஸில் கம்ப்யூட்டரில் வண்டி எண் ஏற்றும் வேலை. சிக்னல் அங்கே நன்றாக இருக்கும் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இந்தப் பூட்டைப் பற்றி இணையத்தில் படித்தேன். விஷயம் எளிமையானது. பெட்டியைச் செய்தவன் வேறு, விற்றவன் வேறு. விற்ற கம்பெனி தன் லைனுக்கு மட்டும் வேலை செய்கிற மாதிரி ஒரு மென்பொருளை உள்ளே ஏற்றியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய வேறொன்றை ஏற்றினால் பெட்டி எந்த லைனுக்கும் வேலை செய்யும். ஆனால் ஒரே மாடலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதிப்புகள் வந்திருந்தன. வெளியே பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. பதிப்பு மாற்றி ஏற்றினால் பெட்டி அத்துடன் செத்துவிடும். எந்தப் பதிப்பு என்பது அடிப்பக்கத்து லேபிளில் இருக்கும்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பினேன். லேபிள் இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் கட்டியாகக் காய்ந்திருந்தன.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் எதுவும் தப்பாது. நைனாவின் ஸ்பேனர், கையுறை, மிக்சி, என் கால்குலேட்டர், எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. ரூட்டருக்கும் வருஷம் தவறாமல் வைத்திருக்கிறாள் அம்மா. முன்பக்கத்தில் விளக்குகள் எரிகின்றன, அதன் கண்ணை மறைக்கக் கூடாது என்று அடிப்பக்கம் திருப்பி, வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் பார்த்து வைத்திருக்கிறாள்.

நான் முகம் கழுவி வருவதற்குள் அம்மா அதைக் கையில் எடுத்திருந்தாள். மண்ணெண்ணெய் தொட்ட துணி, பிறகு பாத்திரம் தேய்க்கும் நார்.

"இந்தா, பளபளன்னு கீது பாரு. இப்போ படி."

லேபிள் சோறு மாதிரி வெள்ளையாக இருந்தது. ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

என் முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நாரைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நைனாதான் வாயைத் திறந்தார். "கன்டெய்னர் நம்பர நாங்க இப்டி தேச்சி வெச்சிருந்தா, துபாய் போறது தூத்துக்குடி பூடும்."

"பொட்டு வெச்சது தப்பா?" என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

"வெச்சது தப்பில்லமா. வெச்ச இடம்தான் தப்பு," என்றேன். பெட்டி வந்த அட்டையிலும் அந்த எண் இருக்கும். அட்டை எப்போதோ பழைய பேப்பருக்குப் போயிருந்தது. யாரோ இணையத்தில் எழுதியிருந்ததை நம்பி, நம் ஊரில் விற்றது பெரும்பாலும் இரண்டாம் பதிப்புதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதற்கான கோப்பை இறக்கியும் வைத்திருந்தேன். அதையே ஏற்றிப் பார்த்துவிடலாமா என்று தோன்றியது.

அக்கா என் தோளைத் தட்டினாள். எதைத் தேடுகிறாய் என்று கேட்டாள். வெறுமையான லேபிளைக் காட்டி, இங்கே எழுத்து இருந்தது என்று காட்டினேன். அவள் தன் போனை எடுத்து, மாமாவோடு பேசிய பக்கத்தைத் திறந்து, கட்டைவிரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள்.

எழுதத் தெரியாதவள் கடிதம் எழுத மாட்டாள், வீடியோ எடுப்பாள். வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும், அது குக்கராக இருந்தாலும் செருப்பாக இருந்தாலும், சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்புவது அவள் பழக்கம். ரூட்டர் வந்த அன்றும் எடுத்திருக்கிறாள். முன்பக்கம், விளக்குகள், ஆன்டெனாவைத் தூக்கிக் காட்டும் அவள் விரல், பிறகு பெட்டி அப்படியே புரள்கிறது. அங்கே நிறுத்திப் பெரிதாக்கினேன். மாடல் எண், அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் பதிப்பு. மூன்று.

இரண்டாம் பதிப்புக்கான கோப்பை உடனே அழித்தேன். அக்காவின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டதில் அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

அடுத்த தொல்லை மின்சாரம். எங்கள் பக்கத்து வீடு வெல்டிங் பட்டறை. அங்கே மிஷின் ஓடினால் இங்கே விளக்கு கண்ணடிக்கும். மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் ஒரு நொடி விழுந்தாலும் பெட்டி போய்விடும். பள்ளியில் அரசு கொடுத்த என் லேப்டாப்பும் பேட்டரி செத்து, சுவரில் மாட்டினால்தான் உயிரோடு இருக்கும். வியாழக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

"அண்ணா, நீங்க சாப்பிட உக்காரும்போது சொல்லுங்க. நான் திரும்பி வந்து சொல்ற வரைக்கும் மிஷின் போடாதீங்க."

பட்டறைக்காரர் முகமூடியைத் தூக்கினார். "இன்னா பாப்பா, ராக்கெட்டு உடுறியா?"

"அந்த மாதிரிதான்."

"மேல போச்சுன்னா சொல்லு. கீழ வந்துச்சுன்னா எங்க ஷீட்டுமேல உடாத." ஆனால் சொன்னபடி நிறுத்தினார்.

குண்டூசியைப் பின்பக்கத்து ரீசெட் துளைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. ஊசியைச் சீக்கிரம் எடுத்துவிட்டேன். இரண்டாம் தடவை விளக்கு வேறு தாளத்தில் துடிக்க ஆரம்பித்ததும்தான் கையை எடுத்தேன். யார்டில் இறக்கி வைத்திருந்த மூன்றாம் பதிப்புக் கோப்பை லேப்டாப்பிலிருந்து அனுப்பினேன். எல்லா விளக்கும் அணைந்தன. அம்மா வாசலில் நின்று சாமியைக் கூப்பிடுவது கேட்டது. நான் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான், தொடாமல் இருப்பது. ஒரு விளக்கு வந்தது. பிறகு இன்னொன்று. லேப்டாப்பில் பழைய கம்பெனியின் வண்ணமும் படமும் இல்லாத ஒரு சாதாரணப் பக்கம் திறந்து, புது பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று என்னிடம் கேட்டது. முதல் தடவையாக அந்தப் பெட்டி என்னிடம் கேட்டது.

பட்டறைக்குப் போய் மிஷினைப் போடச் சொன்னேன். சாயங்காலம் கேபிள் அண்ணன் கடைக்குப் போனேன். லைன் ஓட, அவர் கம்ப்யூட்டரில் எங்கள் பெட்டியின் எண்ணை ஏற்ற வேண்டும்.

"டபாய்க்காத. நெஜமாவே தெறந்துட்டியா?" பெட்டி எண்ணோடு அந்தப் புதுப் பக்கத்தைப் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "ஏத்துறேன். ஓடலன்னா என்னாண்டதான் புதுசு வாங்கணும், இன்னா?"

"ஓடிச்சின்னா?"

மூலையில் ஒரு மூட்டை கிடந்தது. லைன் மாறியவர்கள் வேண்டாமென்று விட்டுப்போன பெட்டிகள். அதைக் காலால் தள்ளினார். "இத்த நீயே இஸ்துகினு போ. எடமாவது காலியாவும்."

வீட்டுக்குத் திரும்பியபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாமாவின் அழைப்பு வந்ததும் அக்கா போனைச் சாம்பார் தூக்கில் சாய்த்து வைத்தாள். அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். எங்கள் மூவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். நைனா பைக்மேல் உட்கார்ந்தார். அம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். நான் போய் ஜன்னலை மறைத்து நின்றேன்.

"நவுருடி. சத்தமே இல்ல, இவ்ளோ நேரமா இன்னா பேசுதுங்கோ?"

"பேசட்டும்மா. அவங்க பேச்சு."

கதவு திறந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது. அம்மாவின் எதிரில் நின்று, அவசரமில்லாமல் சொன்னாள். படகு. போதும். பிறகு ஆள்காட்டி விரலால் வாசற்படியைக் காட்டினாள். மாமா வருகிறார்.

"அப்போ மாடி?" என்றாள் அம்மா, கையை மேலே தூக்கிக் காட்டி.

முதலில் ஆள், அப்புறம் மாடி என்றது அக்காவின் கை. அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா பைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாளே ஆட்டோ வைத்து மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆட்டோவில் ஏற்றிவிட்டது கேபிள் அண்ணன்தான். "ரெண்டு மூணு தெறந்துச்சின்னா என் கஸ்டமருங்களுக்கு சொல்லுவேன், ஆமா," என்றார் போகிற போக்கில். எந்தப் பெட்டி யாருடையது என்று அவரிடமே கேட்டுப் பிரித்தேன். வாடகைப் பெட்டிகள் கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டியவை, அவற்றைத் தொட மாட்டேன். விலைக்கு வாங்கியவற்றை மட்டும் கூடத்தில் பரப்பி, அம்மா நாரோடு வருவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் அடியையும் படம் பிடித்துவிட்டேன். முதல் பெட்டி பட்டறைக்காரருடையது. அதற்கான கோப்பு லேப்டாப்பில் இறங்கிவிட்டது. நாளை மதியம் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு இப்போதுதான் வந்தேன்.