முன் சீற்றில் ஒரு சீப்புக் கதலி

போன வெள்ளிக்கிழமை காலை, திருகோணமலையில் ஒரு மான் ஸ்போர்ட்ஸ் காரில் போனது.

கனவில்லை. மஞ்சள் நிறக் கார். கூரை திறந்திருந்தது. ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து ஆசனத்தில் கால்களை மடித்துக்கொண்டு ஒரு பெண் மான். வாயில் வாழைப்பழத் தோல். கார் நகர்ந்தபோது காதை மட்டும் ஒருமுறை ஆட்டியது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. டவுணிலேயே இருக்கும். பஸ் நிலையத்தில் படுக்கும், கடற்கரையில் உலாவும், மரக்கறிக் கடையில் வரிசையில் நிற்காமல் முன்னுக்குப் போகும். ஒருவரும் அடிக்கமாட்டோம். அடிக்கவும் கூடாது, சட்டம் இருக்கிறது. எங்களை விட அதற்குத்தான் இந்த ஊரில் உரிமை கூட என்பது என் அபிப்பிராயம்.

சரி, அந்த மான் எப்படிக் காரில் ஏறியது?

ஆரம்பம் சுதர்சன். எங்கள் பக்கத்து வீட்டு இந்திராணி அக்காவின் ஒரே மகன். வயது இருபத்தேழு. சரக்குக் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் பாதி கடலில், மீதி எங்கள் ஒழுங்கையில். இந்த முறை லீவில் வந்தவன் கொழும்பில் இறங்கி, வழக்கம்போல பஸ் பிடித்து வரவில்லை. முதலில் சத்தம்தான் வந்தது. எங்கள் அலுமாரிக்குள் இருந்த பீங்கான் கோப்பைகள் நடுங்கின. நான் புயல் என்று நினைத்து, காயப்போட்ட உடுப்பை எடுக்க ஓடினேன்.

கார் ஒழுங்கைக்குள் வரவில்லை. வர முடியவில்லை. ஒழுங்கை வாசலில் ஒரு வேகத்தடை இருக்கிறது. பெடியன்கள் கண்மண் தெரியாமல் ஓடுகிறார்கள் என்று நாங்களே கட்டியது. முன்னுக்கு நின்று கட்டுவித்தது இந்திராணி அக்கா. மகனுடைய காரின் வயிறு அதில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பிறகு ஒழுங்கையே கூடிப் பலகை வைத்துத் தள்ளி, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி உள்ளே கொண்டு வந்தோம்.

"என்ன தம்பி, இவ்வளவு பதிவா, நிலத்தோட ஒட்டினமாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஸ்போர்ட்ஸ் கார் அப்பிடித்தான் அன்ரி. பதிவா இருந்தாத்தான் வேகமா ஓடலாம்."

"எங்க ஓடப் போறாய்?"

நியாயமான கேள்விதானே? நிலாவெளி வீதியில் மாடு. டவுணில் மான். இரண்டுக்கும் இடையில் ஆடு. அடுத்த நாள் கடற்கரை வீதியால் ஓட்டிப் பார்க்கப் போனான். மணல் தெறித்துப் பெயின்ற் கெட்டுவிடும் என்று பயந்து பயந்து ஓட்டியதில், குச்சவெளி பஸ் அவனை முந்திக்கொண்டு போனதாம். பிறகு மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றும் முந்தியதாம்… ஹோர்ன் அடித்து, கையும் காட்டிவிட்டு.

இன்னொரு விஷயம். ஒரு பொத்தானை அமர்த்தினால் கூரை மடங்கிப் பின்னுக்குப் போய்விடுகிறது. வெயிலுக்கும் காகத்துக்கும் பயந்து நாங்கள் வாழ்நாள் முழுவதும் உழைத்துக் கூரை போடுகிறோம். உழைத்த காசைக் கொடுத்துக் கூரையைக் கழற்றுகிற பொருளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒரு வாசகியைப் பற்றிச் சொல்லவேண்டும். இளம் வயதில் விலை கூடிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா, மகன் கேட்டு நச்சரிக்கிறான், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தம்பலகாமத்திலிருந்து இந்தப் பத்திக்கு எழுதியிருந்தார். பெற்றோல் செலவைப் பாருங்கள், உதிரிப்பாகம் கிடைக்குமா என்று பாருங்கள் என்று புத்தி சொல்வதாகத்தான் இருந்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை. வில்லங்கம் பெற்றோலில் இல்லை. ஆசனத்தில் இருக்கிறது.

எங்கள் சனம் எப்படிப்பட்டது? ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போனாலும் ஒரு வான் நிறையப் போவோம். நோயாளி பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இப்படிப்பட்ட சனத்துக்கு நடுவில், இரண்டே ஆசனம் உள்ள கார். ஒன்று ஓட்டுகிறவனுக்கு. மிச்சம் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றில் முதலில் யார் ஏறுவது?

வாகனம் வாங்கினால் கோவிலில் பூசை செய்து, நல்ல நேரத்தில் ராசியான ஓர் ஆளை முதலில் ஏற்றிக் கோவிலைச் சுற்றி வருவது இந்திராணி அக்கா வீட்டு வழக்கம். வான் என்றால் எல்லோரும் இடித்துப் பிடித்து ஏறிவிடுவார்கள், யார் முதல் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. இங்கே அப்படி ஏலாது.

"பெத்தவள் நான் இருக்கிறன். வேற ஆர் ஏறுறது?" என்றார் இந்திராணி அக்கா.

அவ்வளவு சுலபமில்லை. சுதர்சனுக்கு ஆவணியில் கலியாணம். பெண் தர்ஷினி, இறக்கக்கண்டிப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ரியூஷன் காலத்தில் தொடங்கிய காதல். இரண்டு தாய்மாரையும் 'ஓம்' சொல்ல வைக்க இந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். கப்பலில் இருந்து இவன் கெஞ்ச, கரையில் இருந்து அவள் கெஞ்ச, வருஷங்கள் ஓடின. போன பொங்கலுக்குத்தான் இரண்டு தாய்மாரும் ஒரே வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். அதுவும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு.

தர்ஷினியின் அம்மா கமலாதேவி. இரண்டு மீன்பிடிப் படகுகளின் சொந்தக்காரி. கரையில் நின்று அவர் ஏசினால் கடலில் நிற்கிற படகு திரும்பி வரும் என்பார்கள். அவர் இந்திராணி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"எங்கட வீட்டில புதுப் போட் இறக்கினா வரப்போற மருமகள்தான் முதல் கால் வைக்கிறது. காருக்கும் அதுதான். என்ர பிள்ளைக்கு முதல் வேற ஆரும் ஏறினா, பிறகு நாங்கள் யோசிக்கவேணும்."

யோசிக்கவேணும். எங்கள் பக்கத்துக் கலியாணப் பேச்சில் இந்தச் சொல் வந்தால், அதற்குப் பிறகு ஒருவரும் யோசிப்பதில்லை. விட்டுவிடுவார்கள்.

இந்திராணி அக்கா என்னிடம் வந்தார். "நீங்கள் பேப்பரில எழுதுற ஆள். ஆர் முதல் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

பத்தி எழுதினால் இதுவும் தெரிந்திருக்கவேண்டுமாம். நான் மெல்ல நழுவப் பார்த்தேன். "அக்கா, இது றீகண்டிஷன் கார்தானே. யப்பானில எத்தினை பேர் அதில இருந்திருப்பினம்."

"யப்பான்காரன் கணக்கில்லை."

"கொழும்பில இருந்து தம்பி ஓட்டிக்கொண்டு வந்தவன்தானே?"

"ஓட்டுறவனும் கணக்கில்லை. பக்கத்துச் சீற்றில ஒருத்தரையும் ஏத்தாத எண்டு போனில சொன்னனான். கந்தளாயில கூடப் படிச்ச பெடியன் மழையில நிண்டு கை காட்டினவனாம். இவன் ஏத்தேல்லை."

இதைப் பெருமையாகச் சொன்னார்.

அன்று பின்னேரம் சுதர்சன் எங்கள் மதிலில் சாய்ந்து நின்றான். நடுக்கடலில் எஞ்சின் நின்றாலும் பதறாத பிள்ளை. முகம் செத்துப் போயிருந்தது.

"அன்ரி, அம்மாவை ஏத்தினா அங்க குழம்பும். அவளை ஏத்தினா இங்க குழம்பும். கலியாணம் நிண்டிடும் போல இருக்கு. காரை வித்துப்போட்டுப் பேசாமல் இருக்கட்டோ?"

எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. "தர்ஷினி என்ன சொல்றாள்?" என்று கேட்டேன்.

"சிரிக்கிறாள்."

அந்தப் பிள்ளையை எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமை அம்மன் கோவில் வாசலுக்குக் கார் வந்தது. இந்திராணி அக்காவும் நானும் ஓட்டோவில். கமலாதேவி பஸ்ஸில். தர்ஷினி தன்னுடைய ஸ்கூட்டியில். கார் வாங்கிய குடும்பம் வந்த கோலம் அது.

குருக்கள் நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். காருக்கு முன்னால் தேங்காய் உடைக்கப் போனபோது, சிதறினால் பெயின்ற்றில் பட்டுவிடும் என்று சுதர்சன் பதறினான். "கொஞ்சம் தள்ளி ஐயா… இன்னும் கொஞ்சம் தள்ளி…" தள்ளித் தள்ளிக் கடைசியில் நாங்கள் வந்த ஓட்டோவுக்கு முன்னால்தான் தேங்காய் உடைந்தது. புண்ணியம் முழுவதும் அந்த ஓட்டோவுக்குப் போயிருக்கவேண்டும். ஓட்டோக்காரர் கும்பிட்டுக்கொண்டார்.

"உள்ளுக்கும் தீர்த்தம் தெளிக்கவேணும், மேல்பக்கத்தைத் திறவுங்கோ" என்றார் குருக்கள். கூரை மடங்கியது.

இனித்தான் விஷயம். எங்கள் ஊரில் பஸ்ஸில் சீற் பிடிப்பது எப்படி? யன்னலால் ஒரு லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, போட்டால் போதும். பை, குடை, பேப்பர், எதுவென்றாலும் சரி. பொருள் இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. அதை ஒருவரும் மறுப்பதில்லை. இந்திராணி அக்கா அர்ச்சனைத் தட்டை எடுத்தார். ஒரு சீப்புக் கதலி, வெற்றிலை, பூ. மெதுவாக முன் சீற்றில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிடித்தாயிற்று.

கமலாதேவி சும்மா நிற்பாரா? மகளுக்கென்று கொண்டு வந்த மல்லிகை மாலையை எடுத்து, தட்டுக்கு மேலேயே வைத்தார். கீழே வைத்தது செல்லுமா, மேலே வைத்தது செல்லுமா? பஸ் சட்டத்தில் இதற்கு இடமில்லை.

இருவரும் காருக்கு இரண்டு பக்கமும் காவல் நின்றார்கள். அப்போது உள்ளே மணி அடித்தது. தீபாராதனை. இவர் போனால்தான் அவர் போவார். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் காலை எடுத்து வைத்து உள்ளே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்களும் போனோம். கூரை திறந்தபடி. கதலிப் பழம், மல்லிகை மாலை… திருகோணமலை டவுணில்.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திரும்பி வந்தபோது மான் சீற்றில் இருந்தது. மாலையைத் தின்று முடித்து, பழத்தில் பாதிக்கு வந்திருந்தது. இந்திராணி அக்கா சேலைத் தலைப்பை வீசிக்கொண்டு போனார்.

"அதட்டாதேங்கோ அம்மா. அது பாய்ஞ்சால் சீற் கிழியும்" என்றான் சுதர்சன்.

கடலுக்குக் கேட்கிற குரல் உள்ள கமலாதேவி குனிந்து, மானின் காதுக்குள் இரகசியம்போலச் சொன்னார். "இறங்கம்மா. இறங்கு செல்லம்."

மான் அவரைப் பார்த்தது. அடுத்த பழத்தை எடுத்தது.

குருக்கள் மணிக்கூட்டைப் பார்த்தார். பின்னால் இன்னொரு வான் பூசைக்குக் காத்து நின்றது. "நல்ல நேரம் முடியப் போகுது தம்பி. பிறகு ராகு காலம். ஒரு உயிர் ஏறியிட்டுது. அம்மன் அனுப்பினதெண்டு நினைச்சு வண்டியை எடுங்கோ."

எடுத்தான். வேறு என்ன செய்வது? நடக்கிற வேகத்தில் கார் கோவிலைச் சுற்றியது. வேகத்துக்கென்று செய்த கார், மான் பயந்துவிடும் என்று ஊர்ந்தது. முன்னால் போன கச்சான் கடலைக்காரர் தன் வண்டிலை ஒதுக்கி வழிவிட்டார். சனம் போனைத் தூக்கி வீடியோ எடுத்தது. தர்ஷினி கோவில் மதிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சுற்றி முடிந்ததும் மான் கதவுக்கு மேலால் பாய்ந்து இறங்கி, ஒன்றும் நடக்காததுபோலப் பஸ் நிலையப் பக்கம் போனது. முன் சீற்றில் ஒரு கைப்பிடி புழுக்கை கிடந்தது. அதுவும் சீற் பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது போலும்.

இரண்டு தாய்மாரும் சீற்றைப் பார்த்தார்கள். பிறகு முதன்முறையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

"உங்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை" என்றார் கமலாதேவி.

"ரெண்டு சீற் உள்ள காரை எந்த விசரன் வாங்குவான்?" என்றார் இந்திராணி அக்கா.

"உங்கட மகன்தான் வாங்கினது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது கதை, ஆவணியும் இல்லை ஒன்றுமில்லை என்று நினைத்தேன். ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்திராணி அக்கா சிரிக்கிறார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார். கமலாதேவிக்கும் அடக்க முடியவில்லை.

"சம்மந்தி, உந்தக் கார் கலியாணத்துக்கு வேண்டாம். பெரிய வானாப் பிடிப்பம்" என்றார் கமலாதேவி.

சம்மந்தி! அந்த வாயில் இருந்து அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான். ஈரத் துணியால் சீற்றைத் துடைத்துக்கொண்டு நின்ற சுதர்சன் அப்படியே நின்றுவிட்டான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என் கண்ணும்தான், ஏன் பொய் சொல்லவேண்டும்?

தேங்காய் உடைத்த ஓட்டோவில் தாய்மார் இருவரும் ஏறி, நடுவில் என்னைச் செருகினார்கள். ஓட்டோ புறப்படவில்லை. மூவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுதர்சன் சீற்றைத் துடைத்து முடித்து, தர்ஷினியிடம் கேட்டான். "இப்ப ஏறுவீரோ?"

அவள் சீற்றைப் பார்த்தாள். "மான் பிடிச்ச சீற்றில நான் எப்பிடி ஏறுறது? நீங்கள் அதில இருங்கோ. திறப்பைத் தாங்கோ."

கையை நீட்டிக் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு மற்றப் பக்கம் போனாள். கதவைத் திறந்தாள்.

"பிள்ளை, அது ஓட்டுற சீற்" என்று ஓட்டோவுக்குள் இருந்து கமலாதேவி கத்தினார்.

"ஓம் அம்மா. அதிலதான் ஒருத்தரும் பழம் வைக்கேல்லை."

சுதர்சன் மான் இருந்த சீற்றில் ஏற, கார் போனது. சத்தத்தில் கோவில் புறாக்கள் எல்லாம் எழும்பின. அன்றைக்குத்தான் அது ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓடியது.

தம்பலகாமத்து வாசகிக்கு என் பதில்: மகன் வாங்கட்டும்… திறப்பை யார் வைத்திருப்பது என்று மட்டும் வரப்போகிற மருமகளிடம் கேட்டுவிடுங்கள்.