முப்பத்தைந்தாவது தடவையும் புதியவர்

பிலோமினா அக்கா மோசம் போன செய்தி வந்தபோது நான் அவரைப் புதிதாக வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை அவர் சேரவேண்டிய நாள். படிவத்தை முன்கூட்டியே நிரப்பி வைப்பது என் வழக்கம். அவருடைய விபரங்கள் எனக்கு மனப்பாடம். பெயர், முகவரி, அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர் மகள் என்றெல்லாம் எழுதி, "முன் அனுபவம்" என்ற கட்டத்துக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது. அவசரத்துக்கு நாங்கள் அறிவிக்க வேண்டிய அந்த மகள்தான் எங்களுக்கு அறிவித்தார். "அம்மா விடிய எழும்பேல்லை அண்ணா," என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது. "அப்ப திங்கட்கிழமை?" என்று கேட்டுவிட்டேன்.

அவருடைய முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வருகிற உங்களில் பாதிப்பேர் எங்கள் ஸ்டோரில் ஒரு காலத்தில் வேலை செய்தவர்கள். ஒரு காலம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சிலருக்கு அது ஒரு மத்தியானம். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் அரிசியும் பருப்பும் சீனியும் வந்திறங்கும் அந்தக் களஞ்சியத்தில் நான் பதிவேடு எழுதும் கிளாக்கர். அக்கா வெடித்த மூட்டைகளைத் தைக்கும் பகுதிநேர ஊழியர். இருவரும் ஒரே கிழமையில்தான் சேர்ந்தோம், பதினேழு வருடத்துக்கு முன்பு. ஆறாம் மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். அக்காவை நிறுத்தினார்கள்.

அது ஒரு தண்டனை அல்ல, ஒழுங்கு. பகுதிநேர ஊழியர் ஒருவர் ஆறு மாதத்தைத் தொட்டுவிட்டால் நிரந்தரம் கேட்பார் என்று தலைமைக் கந்தோருக்குப் பயம். ஆகவே ஆறு மாதம் நிறைய ஒரு கிழமை, ஏழே நாள், இருக்கும்போது நிறுத்திவிட்டு, அந்தக் கிழமை கழிந்ததும் புதிய ஆளாக மறுபடி சேர்ப்பது. புதிய ஆள் என்பதால் சம்பளமும் புதிய ஆளின் சம்பளம். "முன் அனுபவம்" கட்டத்தில் "இல்லை" என்று எழுதவேண்டும். அதை எழுதும் கை என்னுடையது.

முதல் தடவை அதைப் பார்த்தபோது அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். "ஒரு கிழமை வீட்டிலை இருந்ததிலை எல்லாத்தையும் மறந்திட்டனாமோ?" என்று கேட்டார். "ஒழுங்கு அப்பிடி அக்கா," என்றேன். "அப்ப சரி. தையல் மறந்துபோச்சு, ஆர் சொல்லித் தாறது?" என்று சொல்லி, மேசையடியில் கிடந்த கோணி ஊசியை எடுத்துக்கொண்டு போனார். அன்று அவர் தைத்த மூட்டைகள் வழக்கம்போல் ஒரு பருப்புக்கூடச் சிந்தவில்லை.

பகுதிநேரம் என்றால் காகிதத்தில் காலை ஆறிலிருந்து மத்தியானம் வரை. கப்பல் வந்துவிட்டால் பொழுது சாயும்வரை. "எந்தப் பகுதி எனக்கு மிச்சம் எண்டு சொன்னால் அதுக்கை சோறு சமைப்பன்," என்பார். இந்த வேலைக்கு இந்தச் சம்பளம் என்றால் யார் நிற்பார்கள்? ஆட்கள் வந்த வேகத்தில் போனார்கள். யார் எப்போது போவார் என்று அக்காவுக்கு முதல் நாளே தெரியும். தம்பலகாமத்து ஆள் வயல் வெட்டுத் தொடங்கினால் போவார், குச்சவெளி ஆள் கடல் அடங்கினால் போவார், புல்மோட்டை ஆள் பஸ் காசையும் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று போவார். இதை அவர் குறையாகச் சொன்னதே இல்லை. "அவைக்குப் போக இடம் இருக்கு, போகட்டும்," என்பார்.

நௌஷாத்தின் விடயத்தில் மட்டும் அவர் கணக்குப் பிழைத்தது. கிண்ணியாவிலிருந்து வந்த நல்ல உடம்புக்காரன். இவன் மூன்று மாதம் நிற்பான் என்று அக்கா சொன்னார். அவன் இரண்டு மணித்தியாலம் மூட்டை தூக்கிவிட்டு, "அக்கா, ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வாறன்," என்று வாசலைத் தாண்டிப் போனான். பிறகு இரண்டு வருடம் ஆளைக் காணவில்லை. ஒரு நாள் சீனி ஏற்ற வந்த லொறியைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டே சாரதி ஆசனத்திலிருந்து தலையை நீட்டினான். அக்கா ஊசியைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, ரீ குடிச்சு முடிஞ்சுதோ?" என்று கேட்டார். நௌஷாத் அன்றிலிருந்து எப்போது வந்தாலும் அவருக்குப் பேக்கரியிலிருந்து ஒரு பணிஸ் கொண்டுவருவான்.

ஆட்கள் ஏன் போகிறார்கள் என்று தலைமைக் கந்தோருக்கும் ஒரு முறை கவலை வந்தது. ஊழியர்கள் யோசனை எழுதிப் போடுவதற்குப் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி அனுப்பினார்கள். மாத முடிவில் திறந்தபோது உள்ளே ஒரேயொரு துண்டு. "சம்பளத்தைக் கூட்டிப் பாருங்கோ. இப்படிக்கு, புதியவர்." எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியாதா? துண்டு கொழும்புக்குப் போனது. மூன்று மாதத்தால் பதிலாக, ஓய்வு நேரத்தில் விளையாட ஒரு கரம்போட் வந்தது. ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருந்தால் போகமாட்டார்களாம். அதற்கு உடைமைப் பதிவேட்டில் இலக்கம் போட்டு, பலகையிலும் வெள்ளை மையால் எழுதினேன். அக்கா வந்து அதைத் தட்டிப் பார்த்தார். "இதுக்கு நிரந்தரம் குடுத்திட்டாங்கள்," என்றார்.

புதியவர்கள் எல்லோருக்கும் பாதுகாப்பு வகுப்பு ஒன்று உண்டு. ஒருவர் ஏணியிலிருந்து விழுகிற படம் காட்டுவார்கள். அக்கா வருடத்தில் இரண்டு தடவை அந்த வகுப்பில் முன் கதிரையில் இருந்தார். "இப்ப இடக்கையாலை பிடிப்பான், பிடி வழுக்கும், பாருங்கோ," என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு மெதுவாகச் சொல்வார். அவருடைய பதினைந்தாவது வருடத்தில் கொழும்பிலிருந்து வகுப்பெடுக்க வந்த அதிகாரிக்குத் தமிழ் வராது. அக்கா எழும்பிப்போய் முழு வகுப்பையும் தமிழில் சொல்லிக்கொடுத்தார். அதிகாரி சிங்களத்தில் கேட்ட எல்லாக் கேள்விக்கும் கேள்வி முடியுமுன் சிங்களத்திலேயே பதில் சொன்னார். அசந்துபோன அதிகாரி அந்த வருடத்தின் சிறந்த புதிய ஊழியர் என்று அவருக்கு ஒரு சான்றிதழும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் கொடுத்தார். பரிசை வாங்கிக்கொண்டு, "சேர், என்னை நிரந்தரமாக்க ஏலாதோ?" என்று அக்கா கேட்டார். அதிகாரி அன்பாகத்தான் பதில் சொன்னார். முதலில் கொஞ்சம் அனுபவம் சேரட்டுமாம்.

அக்கா அதற்கும் சிரித்தார். ஆனால் ஒரேயொரு விடயத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை முடித்தால் நான் அவருக்குச் செய்தது அஞ்சலி அல்ல.

மகளுக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளையின் பெரியப்பா, குச்சவெளிக்காரர், எல்லாவற்றையும் விசாரித்துப் பார்க்கிற மனிதர், ஸ்டோருக்குத் தொலைபேசி எடுத்தார். பிலோமினா என்பவர் அங்கே எவ்வளவு காலமாக வேலை செய்கிறார் என்று கேட்டார். நான் வேலை மும்முரத்தில் பதிவேட்டைத் திறந்து, உள்ளதை உள்ளபடி வாசித்தேன். "சேர்ந்து மூண்டு கிழமை." அக்கா அவர்களிடம் பதினாறு வருடம் என்று சொல்லியிருந்தார். பொய் சொல்கிற வீட்டில் பெண் எடுப்பதா என்று பேச்சு நின்றுவிட்டது.

மறுநாள் காலை அக்கா என் மேசைக்கு வந்தார். கோபப்படவில்லை. "தம்பி, நான் இங்கை எப்ப வந்தனான் எண்டு ஒரு கடதாசியிலை எழுதித் தாங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்," என்றார். நான் என்ன சொன்னேன்? "ஏலாது அக்கா. பதிவேட்டிலை இல்லாததை எழுதினால் என்ரை வேலை போயிடும்," என்றேன். "உங்கட வேலை போகக்கூடாது தம்பி. உங்களுக்கு முன் அனுபவம் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெரியப்பாவையே கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு ஒன்றும் விளக்கவில்லை. வாசலிலிருந்து கடைசி அடுக்குவரை சும்மா நடத்திக்கொண்டு போனார். காவலாளி எழும்பி நின்றார். சாரதிகள் ஒவ்வொருவராக நலம் விசாரித்தார்கள். எந்த அடுக்குக்கு மேலே கூரை ஒழுகும் என்று முகாமையாளர் ஓடிவந்து அக்காவிடம்தான் கேட்டார். பெரியப்பா திரும்பும் வழியில் என் மேசை முன்னால் நின்று, பதிவேட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். கலியாணம் நடந்தது. அதன்பின் ஒவ்வொரு தடவை புதிதாகச் சேரும்போதும், கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா கேட்பார்: "கலியாணம் முடிஞ்சுது தம்பி. கடதாசி?" நான் குனிந்து அடுத்த படிவத்தை எடுப்பேன்.

நிறுத்திய கிழமையில் அவர் இறந்ததால், இறந்த அன்று அவர் எங்கள் ஊழியர் அல்லர். நிறுவனத்தின் பெயரில் மலர்வளையம் வைக்க முடியாது என்று முகாமையாளர் சொன்னார். பாவம், அவரும் சங்கடப்பட்டுத்தான் சொன்னார். நான் அதைப் பற்றி நௌஷாத்திடம் வாய்விட்டுப் பேசியதோடு சரி. அடக்கத்தன்று அவனுடைய லொறி தம்பலகாமம், கிண்ணியா என்று சுற்றிக்கொண்டு வந்து கோயில் வாசலில் நின்றது. குச்சவெளியிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் பஸ்ஸில் வந்தார்கள். பூசை முடிவில், கூட வேலை செய்தவர்கள் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று பாதிரியார் சொன்னார். "ஆர் ஸ்டோர் ஆக்கள், ஒருக்கா எழும்புங்கோ," என்றார். கோயிலில் பாதி எழும்பியது. பாதிரியார் திகைத்துப்போய், இப்போது வேலையில் இருப்பவர்கள் மட்டும் நின்றால் போதும் என்றார். நாலு பேர் மிஞ்சினோம். அதில் ஒருவர் அந்தக் கிழமைதான் சேர்ந்தவர்.

நான்தான் பேசினேன். "பிலோமினா அக்கா எங்கட ஸ்டோரிலை பதினேழு வருசம் வேலை செய்தவ," என்று தொடங்கினேன். அந்த எண்ணை வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. முன்வரிசையில் இருந்த குச்சவெளிப் பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம், கோயில் முழுக்கக் கேட்கும் இரகசியக் குரலில், "போனிலை மூண்டு கிழமை எண்டு சொன்ன ஆள் இவர்தான்," என்றார். ஒரு செத்தவீட்டுப் பூசையில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். பிறகு அந்த ஒரு வசனத்தோடே வந்து இருந்துவிட்டேன்.

கந்தோருக்குத் திரும்பியபோது பாதி நிரப்பிய படிவம் மேசையில் அப்படியே கிடந்தது. முன் அனுபவம் என்ற கட்டத்தில் "பதினேழு வருடம், இதே களஞ்சியத்தில்" என்று எழுதினேன். கையெழுத்திட்டு, முத்திரை குத்தினேன். அதன் ஒரு பிரதியை மகளிடம் கொடுத்தேன். மூலப்படிவத்தை மற்றப் படிவங்களோடு கொழும்புக்கு அனுப்பினேன். வேலை போனால் போகட்டும் என்று இரண்டு கிழமை காத்திருந்தேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றுதான் நினைத்தேன். வந்த கடிதம் வேறு. இவ்வளவு அனுபவமுள்ள விண்ணப்பதாரர் கிடைப்பது அரிதாம். நிரந்தரப் பதவிக்கான நேர்முகத்துக்கு அவரை உடனடியாக அனுப்பி வைக்கும்படி எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அன்று நான் ஒரு வேலையும் செய்யவில்லை. மறுநாள் பதில் எழுதினேன். விண்ணப்பதாரர் காலமாகிவிட்டார், இதே களஞ்சியத்தில் அனுபவமுள்ள வேறு சிலர் இருக்கிறார்கள், அவர்களை ஒவ்வொருவராக அனுப்புகிறேன் என்று. அவருடைய பழைய முப்பத்துநாலு படிவங்களின் பிரதிகளும் இப்போது என் மேசை லாச்சியில் இருக்கின்றன. முப்பத்துநாலிலும் என் கையெழுத்தில் "இல்லை" என்று இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவற்றைத்தான். அந்தச் சொல்லை எழுதப் போகும்போது கை நிற்கிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமை கிண்ணியா ஹாஜரா நிறுத்திய கிழமை முடிந்து புதிதாகச் சேர வந்தார். ஆறு வருடமாக அக்காவின் பக்கத்தில் இருந்து மூட்டை தைத்தவர். படிவத்தில் "ஆறு வருடம்" என்று எழுதி, நான் முதலாவதாக அனுப்பிய பெயர் அவருடையது என்பதால் கொழும்பிலிருந்து வந்திருந்த நேர்முகக் கடிதத்தையும் கொடுத்தேன். ஹாஜரா இரண்டையும் இரண்டு தடவை வாசித்தார்.

"அங்க என்ன ஐயா கேப்பாங்க?" என்றார்.

"முன் அனுபவம் இருக்கோ எண்டு கேப்பினம்," என்றேன். "ஓம் எண்டு சொல்லுங்கோ."