அரைப்பேர்

1. ஞாயிற்றுக்கிழமை காலை, "பெரட்டு" என்ற வட்ஸ்அப் குழுவில் ஜீவா என் பெயரைப் போட்டு, பக்கத்தில் "அரைப்பேர்" என்று எழுதினான்.
2. மளமளவென்று சிரிப்பு முகங்கள் விழுந்தன.
3. அவற்றில் ஒன்று மஞ்சு போட்டது.
4. நான் குழுவிலிருந்து வெளியேறினேன்.

மடுல்சீமையில் ஒரே தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களின் குழு அது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். கொழும்பில் இருக்கும் ஜீவா விடிந்ததும் ஒரு பூப்படம் போடுவான். எல்லோரும் ஏதாவது போட்டுத் தலையைக் காட்ட வேண்டும். நான் அதற்கெல்லாம் ஒதுக்கியிருப்பது மாலையில் அரை மணித்தியாலம். மற்ற நேரம் குழுவை ஊமையாக்கி வைத்திருப்பேன்; காலைப் பூவுக்கு நான் தலை காட்டுவதில்லை. பதுளையில் வீடு வீடாக இணைய இணைப்புக் கொடுப்பது என் தொழில் என்பதால், இந்தக் கட்டுப்பாட்டை யாரும் மதிப்பதில்லை. தவறணை நடத்துகிறவள் குடியைப் பற்றிப் புத்தி சொன்னால் யார் கேட்பார்கள்? ஜீவாவின் அப்பா எங்கள் கங்காணி. மேய்க்க ஆளில்லாத குறையை மகனுக்குப் போன் தீர்த்து வைத்திருக்கிறது.

எனக்கு அரைப்பேர் என்ற சொல்லில் ஈரப் படங்கின் நாற்றம் அடிக்கும். கொழுந்து பறிக்கும்போது அம்மா இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாக்கு அது; மழைக்காலத்தில் அடுப்பின் மேல் காயாமலே தொங்கும். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று அம்மா வேலையின் நடுவில் மலையிலிருந்து இறங்கி வந்தார். கொழுந்து நிறை குறைந்தது. அரைப்பேர் போட்டார்கள், அதாவது அரைநாள் சம்பளம். மாலையில் மஞ்சுவின் அம்மா, அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே வரிசையில் இருந்த லயத்தின் வாசலில், கங்காணியை மறித்துக்கொண்டார்.

"புள்ளைக்குக் காய்ச்சல்னா ஆத்தா அரை ஆளாயிருவாளா? ஒம் பொண்டாட்டி அரைச் சோறு போட்டா சும்மா இருப்பியாய்யா?"

கதவிடுக்கில் நானும் மஞ்சுவும் நின்று கேட்டோம். லயமே சிரித்தது. அது வேறு சிரிப்பு.

மஞ்சு என்றதும் தண்ணீர்த் தாங்கி ஞாபகம் வருகிறது. தோட்டத்தில் சிக்னல் கிடைத்த ஒரே இடம் அதுதான். அவள் மொனராகலைக்குத் தையல் வேலைக்குப் போன புதிதில், பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவாள். போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். அண்ணனின் போனோடு மேலே ஏறி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு காத்திருப்பேன். ஒரு தடவை அவசரத்தில் எடுத்துவிட்டேன்.

"ஏன்டி எடுத்த, மூதேவி! காசு போகுது, வை!"

எடுக்காமல் இருப்பதுதான் எங்களுக்குள் பதில்.

நான் குழுவை விட்டு விலகிய அன்று அவளே பேசினாள்.

"ஏன்டி வெளிய போன? ஜீவா கோவிச்சுக்கிட்டான்."

"நீ ஏன் சிரிச்ச?"

"எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். அதெல்லாம் யாரு பாக்குறா?"

"அரைப்பேருக்கு ஒங்கம்மா அன்னைக்கு அந்தக் கத்து கத்துனாங்களே, மறந்திருச்சா?"

"எப்ப?"

வைத்துவிட்டேன். மறுநாள் மாலை, என் அரை மணித்தியாலத்தில், அவளுக்கு ஒரு ரிங் விட்டு நிறுத்தினேன். உடனே செய்தி வந்தது: "என்னடி, கை பட்டிருச்சா?"

இப்போது லயத்துக்குள்ளேயே சிக்னல் வருகிறது. தாங்கிக்கு ஏறும் பாதையைப் புதர் மூடிவிட்டது. நான் குழுவில் இல்லை. மஞ்சுவின் செய்திக்கும் பதில் போடவில்லை. அதைக் கோபம் என்று அவள் எடுத்துக்கொண்டாளாம். சரியாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.