குப்பை கூட்டிய நேரத்தில் ஓடிய கம்பி

கம்பி வெட்டும் இடத்தில் ஸ்கிரீனைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் முனுசாமியின் வலது கால் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அவருக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் போய்விட்டது. வேலையில் தூங்கினார் என்று குற்றச்சாட்டு. கும்மிடிப்பூண்டியில் இரும்பைக் கம்பியாக உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் நான் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்த காலம் அது.

பழுக்கக் காய்ந்து ஓடிவரும் கம்பியை எந்த இடத்தில் வெட்டுவது என்று வெட்டும் மெஷினுக்குச் சொன்னது ஒரு கம்ப்யூட்டர். அதன் புரோகிராமை எழுதியவர் எங்கள் மில்லிலேயே வேலை பார்த்த பழவேற்காட்டு யூசுப். ஃபங்ஷனல் புரோகிராமிங் முறையில் எழுதியிருந்தார். அது இருக்கிற தகவலைத் திருத்தாது. ஒவ்வொரு அளவுக்கும் புதிதாக ஒன்றை உண்டாக்கும். வேண்டாத பழையதை அவ்வப்போது கூட்டித் தள்ளும். பழைய கம்ப்யூட்டரில் மெமரி குறைவு என்பதால் கடைசிச் சில கம்பிகளின் விவரத்தை மட்டுமே வைத்திருந்தார். கூட்டுவது கண்ணுக்கே தெரியாது.

புது கம்ப்யூட்டர் வந்ததும் மேனேஜருக்கு ஆசை வந்தது. "மெமரிதான் கொட்டிக் கெடக்குதே யூசுப், ஷிஃப்ட் முழுக்க எல்லாக் கம்பி விவரத்தையும் வெச்சுக்கோ" என்றார். யூசுப் அப்படியே செய்தார். அதற்குப் பிறகுதான் ஒரு கம்பி வெட்டப்படாமல் ஓடி, சுருண்டு, முனுசாமி மேல் பாய்ந்தது.

விசாரணையில் முனுசாமி ஒன்றைத்தான் சொன்னார். "நான் தூங்கல சார். ஸ்கிரீன் அப்டியே நின்னுபோச்சு. இன்னான்னு பாக்கறதுக்குள்ள கம்பி வந்துடுச்சு."

"புது கம்ப்யூட்டரு எப்டிய்யா நிக்கும்?" என்றார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது கம்ப்யூட்டர் என்றால் சாமியா?

மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமை யூசுப்பும் நானும் விபத்து நடந்த ஷிஃப்டின் அளவுகளையே திரும்பத் திரும்பக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பார்த்தோம். மதியம் திரை அப்படியே நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடியது.

"குப்பை கூட்டுதுண்ணே" என்றார் யூசுப். "எது வேணும், எது வேணாம்னு ஒவ்வொண்ணா தேடிக்கினு போவுது. எல்லாம் மெமரில சிதறிக் கெடக்குது. பிராசஸர் வேகம்தான். ஆனா மெமரிலருந்து வர்ற வரிக்கும் சும்மா காத்துக்கினு நிக்குது. கூட்டி முடிக்கற வரிக்கும் கம்பிய வெட்டச் சொல்லாது."

தினமும் பெருக்குகிற வீட்டுக்கும் போகிக்குப் போகி ஒழிக்கிற வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். விவரத்தைக் குறைத்துப் பார்த்தோம். திரை நிற்கவில்லை.

"இதச் சொன்னா உன் வேலை போயிடும் யூசுப்" என்றேன்.

"சொல்லலன்னா அவரு வேலை போவும்ணே."

சொன்னார். முனுசாமியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். யூசுப்பை அனுப்பிவிட்டார்கள். கேட் வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

புது கம்ப்யூட்டரில் உங்கள் புரோகிராம் மொத்தத்தில் எவ்வளவு வேகம் என்று பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அதிகபட்சம் எவ்வளவு நேரம் அது நின்றுபோகும் என்று பாருங்கள். அந்த நேரத்தில் கம்பிக்கு எதிரே ஒரு மனுஷன் நின்றுகொண்டிருப்பான்.