சிகரெட்டை விட்ட ஞானசீலன்

ஞானசீலன் சிகரெட் பிடிக்கிறவரா, விட்டவரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஏழு மாதமாக மனிதர் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பது இந்த ஒரு கேள்விதான்.

தூத்துக்குடிக்காரர். வயது நாற்பத்தாறு. அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் குடியிருந்துகொண்டு மருந்து கம்பெனி ஒன்றில் டேட்டா வேலை பார்க்கிறார். காலேஜில் தொற்றிய பழக்கம் கடல் தாண்டியும் கூடவே வந்துவிட்டது. ஆனால் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் சிகரெட்டைத் தொடமாட்டார். ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயில் பார்க்கிங் லாட் ஓரமாகப் போய் ஒன்றைப் பற்றவைப்பார். ஆண்டவரோடு சேர்ந்து இவரும் உயிர்த்தெழுவார்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று அவர் மனைவி ஜோசபின் பேச்சைத் தொடங்கினார்.

“நாப்பது நாள் கதையெல்லாம் வேண்டாங்க. ஒரேயடியா விட்டுருங்க. நீங்க சிகரெட்ட விட்டா நான் காப்பிய விட்டுருதேன்.”

ஜோசபின் காப்பியை விடுவதென்றால் லேசுப்பட்ட காரியமா? ஆனால் விட்டார். முதல் வாரம் முழுக்கத் தலைவலியில் நெற்றியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் சமைத்தார். அதைப் பார்த்து ஞானசீலனுக்கு மனசு உருகிவிட்டது. இனி சாகும்வரை சிகரெட் இல்லை என்று சத்தியம் பண்ணினார்.

மூன்றாவது வாரம் பொறுக்க முடியவில்லை. மீட்டிங்கில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். கூட வேலை பார்க்கும் சுந்தரராமன் தனியே கூப்பிட்டு வேப் என்கிற பேட்டரிக் குழல் ஒன்றைக் கையில் திணித்தார்.

“இது ஸ்மோக்கே கிடையாது ஜி. வெறும் ஆவி. ட்ரை பண்ணிப் பாருங்க.”

நெருப்பில்லை, சாம்பலில்லை, சட்டையில் நாற்றமில்லை. சத்தியம் சிகரெட்டுக்குத்தானே? முன்பெல்லாம் நாளைக்கு ஐந்து சிகரெட். இப்போது எத்தனை என்று சொல்ல வழியில்லை. பற்றவைத்தால்தானே எரிந்து தீர்வதற்கு! காரில் ஏறினால் ஒரு இழுப்பு, இறங்கினால் ஒரு இழுப்பு.

மனசு மட்டும் ஒரு நிலையில் நிற்கவில்லை. இன்டர்நெட்டில் ஒருவர் சிகரெட்டை நிறுத்த இது உதவும் என்கிறார், இன்னொருவர் நுரையீரலுக்குக் கேடு என்கிறார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பாவங்களைச் சொல்லச் சாமியார் முன் முழந்தாளிட்டார். பாவம் இல்லையென்றால் எதற்குச் சொல்ல வேண்டும்? பாவம் என்றால் எந்த வாயால் சொல்வது? வேறு இரண்டு சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்த வாரம் தமிழ் ஜெபக்கூட்டத்தில் கணவர் சிகரெட்டை விட்ட கதையை ஜோசபின் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். இவரும் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டினார்.

கோடை முடியும்போது இருமல் பிடித்தது. ஸ்டேஷன் படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கியது. ஜோசபின்தான் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, நுரையீரல் டாக்டர் ஷ்யாமளாவிடம் கூட்டிப்போனார். குழாயில் மூன்று முறை ஊதச் சொன்னார்கள்.

“ஸ்மோக் பண்றீங்களா?” என்றார் டாக்டர்.

“விட்டு ஏழு மாசமாச்சு டாக்டர்,” என்று ஜோசபின் முந்திக்கொண்டார். குரலில் அத்தனை பெருமை.

டாக்டர் ஊதிய அளவுகள் வந்திருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படின்னா கொஞ்சமாவது இம்ப்ரூவ் ஆகியிருக்கணுமே. எதுக்கும் ஸ்கேன் பண்ணிடலாம். வேற ஏதாவது இருக்கான்னு பார்க்கணும்.”

வேறு ஏதாவது என்றால் என்னவென்று ஜோசபினுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அம்மா நுரையீரல் புற்றுநோயில் போனவர். முகம் வெளுத்து, சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தபிறகு ஞானசீலனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்த வேப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“மார்ச்லேர்ந்து இது இருக்கு டாக்டர். இப்ப நான் ஸ்மோக்கரா, இல்லையா?”

“இதுதான் காரணம்னு இப்பவே சொல்ல முடியாது,” என்றார் டாக்டர். “ஆனா நிக்கோடின் இதுலயும் இருக்கு. இத நிறுத்தாம நான் இன்ஹேலர் குடுத்து என்ன பிரயோஜனம்?”

சத்தியத்தைப் பற்றித்தான் ஜோசபின் கேட்பார் என்று ஞானசீலன் காத்திருந்தார். ஜோசபின் அதைக் கேட்கவில்லை.

“படுத்தா மூச்சு முட்டுதுன்னு சொல்வீங்க. தூக்கம் வர்ற வரைக்கும் உங்க நெஞ்சத் தடவிக்கிட்டே ஜெபம் சொல்வேன். அதுக்கு முன்னால பாத்ரூம் போனது, இத இழுக்கத்தானா?”

இந்தக் கேள்வியில் அவருக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

“ஆமா,” என்றார்.